தொண்டிக்குப் பதில்

மஸ்தான்கனி அண்ணன்,
போனில் நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி.
முகாம் ஆட்களை வேலைக்கு வைத்தால் வில்லங்கம் வருமா,
ஒரிசாப் பிள்ளைகள் சொல்லாமல் ஓடிவிடுவார்களா.
வண்டி வந்து நின்றது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது,
அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.
இன்று நண்டு இல்லை. கச்சான் காற்று.
கொட்டகைத் தகரம் தாளம் தப்பித் தப்பி அடிக்கிறது.
எழுதுகிறேன்.

வில்லங்கம் வந்தது.
முதலில் என்னிடமிருந்துதான் வந்தது.

சுகிர்தமலர் வேலை கேட்டு வந்த அன்று
படிவத்தில் சொந்த ஊர் என்ற கட்டத்தில்
பேசாலை என்று எழுதி, அடித்து,
மண்டபம் என்று எழுதி, அதையும் அடித்து,
பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.
"பிறந்தது இங்கதான் அக்கா.
ஊர் அங்க எண்டு அம்மா சொல்லுவா."
அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு
பதினோரு நாள் மூடி வைத்தேன்.
பயம் என்று சொல்ல வெட்கம்.
விதிமுறை என்று சொன்னேன்.

பிறகு ஒரே விடியலில்
நானூறு கிலோ நீலக்கால் நண்டு.
வேகவைத்துக் குவித்தாயிற்று, உரிக்கக் கையில்லை.
அன்று விதிமுறையைக் காணோம்.

கூலி?
உள்ளூர்க் கைக்கு ஒன்று.
முகாம் கைக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு.
ஒரிசாக் கைக்கு இருபத்தைந்து,
தங்க இடம் கொடுக்கிறோமே என்று.
எழுதியது நான்தான்,
மற்ற எல்லாக் கணக்கையும் எழுதும்
அதே நீல மையில்.

டுகுனிக்குத் தமிழ் தெரியாது.
சுகிர்தாவுக்கு டுகுனியின் பேச்சு தெரியாது.
எதிரெதிரே உட்கார்ந்து
இவள் நகத்தில் ஏறிய ஓட்டை
அவள் ஊக்கால் எடுத்துவிடுவாள்.
ஒரு சனிக்கிழமை இருவரும்
சம்பளச் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.
எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

என் மேசைக்கு மூன்று பேர் வந்தார்கள்.
மூன்றாவது ஆள், நம்ம பாம்பன் பஞ்சவர்ணம்.
கூடுதல் கூலிக்காரி.
தன் சீட்டையும் மேலே போட்டாள்.
"ஒண்ணு இவளுகளுக்கு ஏத்துங்க,
இல்ல எனக்கும் கொறைங்க.
ஒரே நண்டத்தானே உரிக்கிறோம்."

ஏற்றினேன்.
முதலாளி மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.
நாலாம் நாள் டீ வாங்கிவரச் சொன்னார்.
அவ்வளவுதான் அண்ணன், உலகம் இடியவில்லை.

முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாட்களில்
நாலு மணிக்கே விட்டுவிடுங்கள்.
தாமதமானால் கம்பெனி முத்திரையோடு
ஒரு கடிதம் கொடுங்கள், அவளாகக் கேட்பதற்கு முன்.
பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்
உள்பக்கம் இருக்கிறதா என்று
நீங்களே போய்ப் பாருங்கள்.
எங்களிடம் இல்லை. எட்டு மாதம் யாரும் சொல்லவில்லை.

ஓடிப்போவதைப் பற்றி.
டுகுனி ஒருநாள் என்னிடம் வந்து
கையால் ரயில் ஓட்டிக் காட்டினாள்,
நெஞ்சைத் தொட்டாள், அழுதாள்.
எனக்கு லோடு அவசரம், தலையாட்டினேன்.
மறுநாள் அவள் இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்: ஓடிப்போனாள்.
அவள் கத்தியைத் துணியில் சுற்றி
சுகிர்தா ஆணியில் மாட்டிவைத்தாள்.
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
இருபத்தாறாம் நாள்
ஒரு மூட்டை அரிசிப்பொரியோடு வந்து நின்றாள் டுகுனி.
தாய்க்குக் காரியம் முடித்துவிட்டு.
பொரியை எனக்கும் அள்ளிக் கொடுத்தாள்.
ஓடிப்போனாள் என்பதை அடித்துவிட்டு
விடுப்பு என்று எழுதினேன்.
அடித்த கோட்டுக்கு அடியில்
பழைய சொல் இன்னும் தெரிகிறது.

புதுப் படிவம் அச்சுக்குக் கொடுத்தபோது
சொந்த ஊர்க் கட்டத்தை எடுக்கச் சொன்னேன்.
அச்சகத்துக்காரர் மறந்து
ஐநூறு தாள் அடித்துவிட்டார். வீணாக்க மனமில்லை.
இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறேன்,
அந்த இடத்தில் கையின் அளவை எழுதுங்கள்,
கையுறை வாங்க வேண்டும்.

தொண்டிப் பக்கம் நண்டு எப்படி?
போன மாத ஐஸ் பெட்டி ஏழு பாக்கி.
ஞாபகப்படுத்துகிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நம்புசெல்வி,
கணக்கர்.